மரபணு மாறினாலும் மாறாத தென்னை

விதைக்கு விதை மரபணு வேறுபடுகிறது. ஆனாலும் முளைப்பது அதே வடிவத் தென்னைதான். உயிரினங்கள் வளரும்போது இந்த நிதானம் எங்கிருந்து வருகிறது? விடை தேடிய பாதை வயநாடு, காயங்குளம், கல்கத்தா, நாகர்கோவில் என்று சுற்றிச் செல்கிறது.

கேரளத்தின் நெய்யாற்றின்கரைத் தாலுகா முடிந்து தமிழகத்தின் குமரி மாவட்டம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது பனச்சமூடு. பாறசாலையிலிருந்து வடகிழக்கே, வெள்ளறடைக்குப் பக்கத்தில் உள்ள சந்தை ஊர். தமிழும் மலையாளமும் கலந்துதான் இங்கே பேரம் நடக்கும். தெங்கானாலும் மரச்சீனியானாலும் 'மூடு' கணக்கில்தான் எண்ணுவார்கள். 1956 நவம்பர் 1-ல் மாநில எல்லை மாற்றி வரையப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றுவிட்டது. ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கும் தென்னைகளில் எந்த வித்தியாசமும் தெரிவதில்லை.

உண்மையில் அவற்றில் எந்த இரண்டும் ஒன்றல்ல. மேற்குக் கடற்கரை நெட்டைத் தென்னை பெரும்பாலும் அயல் மகரந்தத்தால் காய்ப்பது. ஒரு பாளையில் ஆண் பூக்கள் முதலில் விரிந்து உதிர்ந்துவிடும். பெண் பூக்கள் தயாராவது அதற்குப் பிறகு. ஆகவே மகரந்தம் பக்கத்து மரத்திலிருந்தோ பக்கத்துத் தோப்பிலிருந்தோ வர வேண்டும். ஒரே குலையில் தொங்கும் காய்களுக்குக்கூடத் தந்தை மரங்கள் வேறு வேறாக இருக்கலாம். வாழைக்குக் கன்று உண்டு, ரப்பருக்கு ஒட்டு உண்டு. தென்னைக்கு இரண்டும் இல்லை. திசு வளர்ப்பு முறையும் தோப்புகளுக்குப் பரவலாக வந்து சேரவில்லை. நடப்பட்ட ஒவ்வொரு தென்னம்பிள்ளையும் ஒரு புதிய மரபணுக் கலவை.

இருந்தும் எந்தத் தேங்காயை உரித்தாலும் மூன்று கண். மூன்றில் ஒன்று மட்டும் மென்மையாக இருக்கும், முளை அதன் வழியாகத்தான் வரும். மரத்தில் சுமார் மாதம் ஒன்று வீதம் விரியும் ஓலை, முந்தைய ஓலையிலிருந்து சுமார் 140 டிகிரி தள்ளியே விரியும். ஆயிரம் மரங்களில் ஆயிரம் கலவைகள் இருந்தும் இந்தக் கணக்கு பிசகுவதில்லை.

சந்தைக்கு வருபவர்கள் இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை என்பார்கள். தெங்கு நட்டால் தெங்குதானே முளைக்கும்? ஆனால் உயிரியலின் கடினமான கேள்விகளில் இது ஒன்று. மரபணுதான் உடலைக் கட்டுகிறது என்றால், மரபணுக்கள் இவ்வளவு மாறும்போது உடல் ஏன் மாறவில்லை?

இடம்புரியும் வலம்புரியும்

கேள்வியைத் தென்னையிடமே கேட்டவர் டி.ஏ. டேவிஸ். காயங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த தாவரவியலாளர். அவர் கண்ணில் பட்ட விஷயம் எளிமையானது. ஓலைகளின் வரிசையைக் கீழிருந்து மேலாகத் தொடர்ந்தால் சில மரங்களில் அது இடப்பக்கமாகச் சுற்றி ஏறுகிறது, மற்றவற்றில் வலப்பக்கமாக. சங்கைப் போலவே தென்னையிலும் இடம்புரி உண்டு, வலம்புரி உண்டு. ஆனால் சங்கில் வலம்புரி அபூர்வம். தென்னையிலோ கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. ஒரு மரம் எந்தத் திசையில் தொடங்கியதோ, ஆயுள் முழுவதும் அதே திசையில்தான் ஏறும்.

இது பரம்பரைக் குணமா? இடம்புரித் தாய்க்கு இடம்புரித் தந்தை, இடம்புரித் தாய்க்கு வலம்புரித் தந்தை என்று நான்கு வகை ஜோடிகளின் சந்ததிகளையும் டேவிஸ் கணக்கெடுத்தார். எந்த ஜோடியை எடுத்தாலும் பிள்ளைகள் ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். பெற்றோரின் திசை பிள்ளையைக் கட்டுப்படுத்தவில்லை. இடம்புரி மரங்கள் சற்றுக் கூடுதலாகக் காய்ப்பதாகவும் 1963-ல் அவர் எழுதினார். உலகின் பல பகுதிகளிலிருந்து கணக்குச் சேர்த்தபோது பூமத்திய ரேகைக்கு வடக்கே இடம்புரியும் தெற்கே வலம்புரியும் சற்று மிகுந்திருப்பதும் பிறகு தெரியவந்தது.

திசை பரம்பரையாக வருவதில்லை என்ற முடிவு 1962-ல் 'ஜர்னல் ஆப் ஜெனடிக்ஸ்' இதழில் வெளியானது. அதன் ஆசிரியர் ஜே.பி.எஸ். ஹால்டேன், 20ஆம் நூற்றாண்டின் பெரிய மரபியல் மேதைகளில் ஒருவர். 1957-ல் பிரிட்டனை விட்டு, மகலநோபிஸின் அழைப்பின் பேரில் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தவர். தான் ஆசிரியராக இருந்த இதழையும் கூடவே கொண்டுவந்தார். விலை உயர்ந்த கருவிகள் இல்லாமலே இந்தியாவில் முதல்தர உயிரியல் செய்ய முடியும் என்பது அவர் கட்சி. அதற்குத் தேவை பொறுமையாக எண்ணுவது. அவரோடு வேலை செய்த எஸ்.கே. ராய் ஒரே பவழமல்லி மரத்தின் பூக்களில் இதழ்களை எண்ணினார். ஒரே மரம், அதாவது ஒரே மரபணுத் தொகுதி. அப்படியும் பூவுக்குப் பூ இதழ் எண்ணிக்கை மாறியது. தென்னை டேவிசும் அதே நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பிற்காலத்தில் தெற்கே திரும்பி, நாகர்கோவிலில் ஜே.பி.எஸ். ஹால்டேன் ஆராய்ச்சி மையம் என்ற முகவரியிலிருந்து எழுதிக்கொண்டிருந்தார்.

இருவரின் எண்ணிக்கையும் பொதுப்புத்திக்கு நேர் எதிரான ஒன்றைச் சொல்கிறது. மரபணு வேறுபட்டாலும் மாறாத அம்சங்கள் உண்டு: தென்னையின் ஓலைக் கோணம் அப்படி. மரபணு ஒன்றேயானாலும் மாறும் அம்சங்களும் உண்டு: பவழமல்லியின் இதழ் அப்படி. அப்படியானால் மரபணுவுக்கும் உடலுக்கும் நடுவில் இன்னொரு சமாச்சாரம் இருக்கிறது. அதுதான் வளர்ச்சி.

தென்னையின் இரட்டைக் குணத்துக்கு இன்று ஓரளவு விளக்கம் கிடைக்கிறது. தக்காளி போன்ற சிறு செடிகளில் நடந்த ஆய்வுகளின்படி, தண்டின் குருத்து நுனியில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் எங்கே குவிகிறதோ அங்கே புதிய இலை முளைக்கிறது. முளைத்த இலை தன்னைச் சுற்றியுள்ள ஆக்சினை உறிஞ்சிக்கொள்வதால் அடுத்த இலை எட்டிப் போய்த்தான் முளைக்க முடியும். "முந்தையவற்றிலிருந்து விலகி நில்" என்ற இந்த ஒரே விதி திரும்பத் திரும்ப நடந்தால் கோணம் தானாக ஒரு குறிப்பிட்ட அளவில் வந்து நிற்கும். எந்த மரபணுவிலும் 140 என்று எழுதி வைத்திருக்க வேண்டியதில்லை. அதனால்தான் மரபணுக்களில் சிறு மாறுதல் வந்தாலும் கோணம் அசைவதில்லை. ஆனால் முதல் ஒன்றிரண்டு இலைகள் இடம் சாய்ந்தனவா, வலம் சாய்ந்தனவா என்பதை அந்த விதி தீர்மானிப்பதில்லை. அது கிட்டத்தட்ட காசு சுண்டுவது போலத்தான்.

வயநாட்டுக் குழந்தை

உயிரினங்களின் இந்தப் பிடிவாதத்துக்குப் பெயர் வைத்தவருக்கும் தென்னிந்தியாவோடு ஒரு தொடர்பு உண்டு. கான்ராட் ஹால் வாடிங்டன் 1905-ல் இங்கிலாந்தில் பிறந்தார். ஆனால் ஏறக்குறைய மூன்று வயது வரை வளர்ந்தது, அன்று சென்னை மாகாணத்தில் இருந்த வயநாட்டில். தந்தை அங்கே தேயிலைத் தோட்டத்தில் இருந்தார். பிறகு உறவினர் வீட்டில் வளர இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட அந்தப் பையன் கருவியல், மரபியல் இரண்டிலும் தேர்ந்த விஞ்ஞானியானார்.

1942-ல் 'நேச்சர்' இதழில் அவர் எழுதிய கட்டுரை, வளர்ச்சியைக் கால்வாயோடு ஒப்பிட்டது. நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாயைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வழியில் எத்தனை ஓடைகளின் நீர் வந்து கலந்தாலும், கரை உடையாதவரை நீர் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். வளரும் கருவும் அப்படித்தான் என்றார் வாடிங்டன். மரபணுவில் சிறு வேறுபாடு, வெப்பத்தில் சிறு ஏற்ற இறக்கம், எது வந்தாலும் கரு ஏற்கனவே வெட்டி வைத்த பாதையில் ஓடி வழக்கமான உறுப்பாகவே முடிகிறது.

1957-ல் வெளியான நூலில் இதற்கு ஒரு படம் வரைந்து காட்டினார். மேடு பள்ளமான சரிவில் ஒரு பந்து உருண்டு இறங்குகிறது. பள்ளத்தாக்குகள் பிரிந்து பிரிந்து செல்கின்றன. ஒன்றில் விழுந்தால் கண், இன்னொன்றில் விழுந்தால் கால். பள்ளம் ஆழமாக இருந்தால் பந்தைச் சற்றுத் தட்டிவிட்டாலும் திரும்ப அதே தடத்துக்கு வந்துவிடும். அதைவிடச் சுவாரசியமானது, நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று காட்டிய இரண்டாவது படம். நிலம் உண்மையில் இழுத்துக் கட்டிய துணி போன்றது. கீழே ஏராளமான முளைகள். அவற்றிலிருந்து கயிறுகள் துணியை இழுத்துப் பிடிக்கின்றன. முளைகள்தான் மரபணுக்கள். பந்தல் போட்டவர்களுக்குத் தெரியும்: ஒரு கயிறு அறுந்தால் பந்தல் விழுந்துவிடாது, மற்றக் கயிறுகள் தாங்கிக்கொள்ளும்.

இதே சமயத்தில் சோவியத் ரஷ்யாவில் இவான் ஷ்மால்ஹாவ்சன் என்ற விலங்கியலாளரும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். இயற்கைத் தேர்வு புதுமையை மட்டும் வளர்ப்பதில்லை, நிதானத்தையும் வளர்க்கிறது என்பது அவர் வாதம். பலன்? 1948-ல் லைசென்கோவின் கோஷ்டி சோவியத் உயிரியலைக் கைப்பற்றியபோது அவர் பதவி பறிபோனது.

ஒரு கயிறு அறுந்தால்

வாடிங்டனின் பந்தல் வெறும் உவமை அல்ல என்பதை மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கும் காலம் வந்ததும் ஆய்வகங்கள் நிரூபித்தன. ரொட்டி ஈஸ்டில் சுமார் 6,000 மரபணுக்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே நீக்கிப் பார்த்த ஆய்வின் முடிவு 2002-ல் வெளியானது. ஐந்தில் ஒரு பங்கு மரபணுக்கள் மட்டுமே உயிருக்கு இன்றியமையாதவை. மற்ற எதை நீக்கினாலும் ஈஸ்ட் பிழைத்துக்கொண்டது.

அப்படியானால் மீதி நான்கு பங்கும் சும்மா இருப்பவையா? 2008-ல் வந்த இன்னொரு ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. சத்துக் குறைவு, நச்சு ரசாயனங்கள் என்று நூற்றுக்கணக்கான கஷ்டங்களை ஈஸ்டுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மரபணுக்களில் 97 சதவீதம் ஏதாவது ஒரு கஷ்டத்தில் தேவைப்பட்டன. வசதியான காலத்தில் வேண்டாததாகத் தெரிந்தது, கஷ்ட காலத்தில் கைகொடுக்கிறது.

தாங்கிப் பிடிக்கும் வழிகள் பல. ஒரே வேலையைச் செய்யத் தெரிந்த இரட்டை மரபணுக்கள் ஒரு வழி. ஒன்று கெட்டால் மற்றது பார்த்துக்கொள்ளும். இரண்டாவது வழி, ஒரே மரபணுவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சுவிட்சுகள். பழ ஈயின் புழுவில் நுண்மயிர்களை முளைக்கச் செய்யும் மரபணுவுக்கு இப்படி உபரி சுவிட்சுகள் இருக்கின்றன. அவற்றை வெட்டி எடுத்தாலும் சாதாரண வெப்பநிலையில் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. அதிக வெப்பத்திலோ அதிகக் குளிரிலோ வளர்த்தால் மட்டும் மயிர் குறைந்துவிடுகிறது. 2010-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். மூன்றாவது வழி பின்னூட்டம். ஒரு புரதம் அதிகமானால் அதுவே தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். மிதவை உயர்ந்ததும் தொட்டிக்கு வரும் தண்ணீர் நிற்பது போல.

நான்காவது வழி பராமரிப்புப் புரதங்கள். செல்லுக்குள் தயாராகும் புரதம் சரியான வடிவத்தில் மடிந்தால்தான் வேலை செய்யும். மரபணுவில் சிறு பிழை இருந்தால் மடிப்பு தவறலாம். அப்போது உதவிக்கு வரும் புரதங்களில் ஒன்று ஹெச்எஸ்பி-90. பிழையைத் திருத்தாது, ஆனால் பிழை வெளியே தெரியாமல் வேலையை முடித்துக் கொடுக்கும்.

இந்த நிதானம் இயற்கை தேர்ந்தெடுத்து வளர்த்த குணமா அல்லது பல மரபணுக்கள் சேர்ந்து இயங்கும்போது தானாக வரும் பக்க விளைவா? விஞ்ஞானிகளிடையே இது இன்னும் முடியாத சண்டை. இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. சிக்கலான வலைப்பின்னல்கள் எதற்காகவும் முயலாமலேயே நிதானம் பெறுவதைக் கணினி மாதிரிகள் காட்டியிருக்கின்றன.

மறைந்திருக்கும் சரக்கு

பிழை வெளியே தெரியவில்லை என்றால் அது போய்விட்டது என்று அர்த்தமில்லை. கதையின் திருப்பம் இங்கேதான்.

1953-ல் வாடிங்டன் ஒரு சோதனையை வெளியிட்டார். பழ ஈயின் கூட்டுப்புழுக்களை 40 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சில மணி நேரம் வைத்தார். வெளிவந்த ஈக்களில் சிலவற்றுக்கு இறக்கையில் ஒரு குறுக்கு நரம்பைக் காணோம். அவற்றை மட்டும் இனப்பெருக்கம் செய்யவிட்டு, அடுத்த தலைமுறைக்கும் அதே வெப்பம், அதே தேர்வு. இருபது தலைமுறை கடப்பதற்குள் வெப்பமே படாத ஈக்கள் சிலவும் அந்த நரம்பு இல்லாமல் பிறந்தன.

பெற்றோர் பட்ட சூடு பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டது போலத் தெரியும். உண்மை அதுவல்ல. நரம்பைக் குலைக்கக்கூடிய சிறு சிறு மரபணு வேறுபாடுகள் அந்த ஈக்களிடம் முன்பே சிதறிக் கிடந்தன. கால்வாயின் கரை உயரமாக இருந்ததால் வெளியே தெரியவில்லை. வெப்பம் கரையை உடைத்தது, வேறுபாடு வெளியே வந்தது. தேர்வு அவற்றை ஒரே ஈயில் சேர்த்ததும் கரையை உடைக்க வெப்பமே தேவைப்படவில்லை.

கரை எதனால் ஆனது என்பதற்கு 1998-ல் ஒரு விடை கிடைத்தது. சுசான் ரதர்போர்டும் சூசன் லிண்ட்குவிஸ்டும் பழ ஈக்களில் ஹெச்எஸ்பி-90 புரதத்தின் செயலைக் குறைத்தார்கள். ஒரு வம்சத்தில் கண் கோணியது, இன்னொன்றில் இறக்கை, வேறொன்றில் கால். ஒவ்வொரு வம்சமும் தனக்குள் என்ன மறைத்து வைத்திருந்ததோ அது வெளிவந்தது. பிறகு வந்த ஆய்வுகள் சில, இந்தப் புரதம் குறையும்போது புதிய பிறழ்வுகளும் உண்டாகலாம் என்று காட்டின. ஆனால் பழைய சரக்கு உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை. மெக்சிகோ குகைகளில் வாழும் குருட்டு மீன்களின் வெளிச்சத்து உறவினர்களிடம் 2013-ல் இதே சோதனை நடந்தது. புரதத்தின் செயலைத் தடுத்ததும் மீன்களின் கண் அளவில் பெரிய ஏற்றத்தாழ்வு தோன்றியது. குகைக்குள் போன மூதாதையர் கண்ணை இழந்த கதையில் இதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம்.

ஆக நிதானம் இரண்டு வேலை செய்கிறது. இன்றைய உடலைக் காப்பாற்றுகிறது. கூடவே, நாளைக்குப் பயன்படலாம் என்ற சரக்கைச் சேர்த்தும் வைக்கிறது.

ரிப்போர்ட் சொல்லாதது

மனிதரிலும் இதே கதைதான். ஆரோக்கியமான ஒருவரின் மரபணுத் தொகுதியில் செயலிழக்கச் செய்யும் பிறழ்வுகள் சுமார் 100 இருக்கும் என்றும், சுமார் 20 மரபணுக்கள் இரண்டு பிரதியிலும் முழுக்கச் செயலற்றிருக்கும் என்றும் 2012-ல் ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. அவர் அது தெரியாமலே நன்றாக இருக்கிறார். 2016-ல் வெளியான இன்னொரு ஆய்வு 5,89,306 பேரின் மரபணுத் தகவல்களைச் சல்லடை போட்டது. சிறுவயதிலேயே கடும் நோய் வர வேண்டிய பிறழ்வு இருந்தும் நோயில்லாத பெரியவர்கள் 13 பேர் தென்பட்டார்கள். அவர்களை மறுபடி தொடர்புகொண்டு உறுதிசெய்ய வழியில்லாமல் போனதால் அந்தக் கணக்கு ஒரு குறிப்பாகவே நிற்கிறது.

ஆனால் அரிவாள்செல் ரத்தசோகையில் சந்தேகத்துக்கு இடமில்லை. இந்தியாவில் இது முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1952-ல், நீலகிரிப் பழங்குடியினரிடம். வாடிங்டன் தவழ்ந்த வயநாட்டிலும் இந்த நோய் உண்டு. காரணம் ஒரே ஒரு மரபணுவில் ஒரே ஒரு எழுத்துப் பிழை. இவ்வளவு துல்லியமான காரணம் இருந்தும் நோயின் கடுமை ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒருவர் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடக்க, அதே பிறழ்வு உள்ள இன்னொருவர் அதிகச் சிரமமில்லாமல் வாழ்கிறார். ஒரு முக்கியக் காரணம் கருக்கால ஹீமோகுளோபின். தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்கு வேறு வகை ஹீமோகுளோபின் சுரக்கும். பிறந்த பிறகு அது படிப்படியாகக் குறைந்துவிடும். சிலரிடம் வேறு மரபணுக்களின் தயவால் அது ஓரளவு தொடர்கிறது, அரிவாள் வடிவத்தைத் தடுக்கிறது. இந்தியப் பழங்குடியினர் பலரிடம் காணப்படும் அரபு-இந்திய வகையில் இது அதிகம். ஆகவே ஆப்பிரிக்க வகைகளைவிட நோய் மிதமாக இருப்பதுண்டு.

2023 இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற மரபணுத் திருத்தச் சிகிச்சை இதே உபாயத்தைத்தான் கடன் வாங்குகிறது. அரிவாள் பிழையை அது திருத்துவதில்லை. கருக்கால ஹீமோகுளோபினை அணைத்து வைக்கும் சுவிட்சைக் கெடுத்து, பழைய சுரப்பை மறுபடி தொடங்க வைக்கிறது. அறுந்த கயிற்றை விட்டுவிட்டு இன்னொரு கயிற்றை இழுத்துக் கட்டும் வேலை.

இது நம்மவர்களுக்கு ஏன் முக்கியம்? 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள்செல் ஒழிப்பு இயக்கம் பழங்குடிப் பகுதிகளில் பெருமளவில் ரத்தப் பரிசோதனை நடத்திவருகிறது. 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படித்த 'ஜீனோம் இந்தியா' திட்டத்தின் தகவல்கள் 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. கையில் மரபணு ரிப்போர்ட் வைத்திருப்போர் எண்ணிக்கை இனி கூடத்தான் செய்யும். ரிப்போர்ட்டில் ஒரு பிறழ்வு இருப்பது ஒரு முளையின் கயிறு அறுந்திருப்பதைச் சொல்கிறது. பந்தல் நிற்குமா, சாயுமா என்று அது மட்டுமே சொல்லிவிடாது. சில நோய்களில் ஒரு கயிறே போதும், பந்தல் சாய்ந்துவிடும். வேறு பலவற்றில் அப்படி அல்ல. எது எந்த வகை என்று விளக்க ஆள் இல்லாமல் ரிப்போர்ட்டை மட்டும் கையில் கொடுத்தால், ஒரு பெண்ணின் கல்யாணமோ ஒரு சமூகத்தின் பெயரோ அந்த ஒற்றை வரியில் அடிபட்டுப் போகலாம்.

தோப்பில் நிற்பது

பனச்சமூட்டைச் சுற்றியுள்ள மேடுகளில் தென்னைக்குப் பக்கத்திலேயே ரப்பர் நிற்கிறது. கோட்டயத்திலுள்ள இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிறுவனம் 1980-ல் வெளியிட்ட ஆர்ஆர்ஐஐ-105 ரகம் கேரள ரப்பரின் முகத்தையே மாற்றியது. நல்ல பால், நல்ல வருமானம். ஒட்டுக்கன்றில் மேலே வளர்வதெல்லாம் ஒரே மரத்தின் நகல்கள். விதையிலிருந்து வந்த வேர்ப்பகுதி மட்டும் கன்றுக்குக் கன்று வேறு. 1990-களில் தென் கன்னடத்தில் கோரினெஸ்போரா என்ற பூஞ்சை இலைகளை உதிர்த்தபோது கடுமையாக அடிபட்ட ரகங்களில் இதுவும் ஒன்று. நகல்கள் எல்லாம் ஒன்றுபோல் பால் கொடுக்கும். எதிரி வந்தால் ஒன்றுபோல் தோற்கும்.

தென்னையின் கதை வேறு. 1882 பெருவெள்ளத்துக்குப் பிறகு ஈராற்றுப்பேட்டைப் பக்கம் முதலில் கவனிக்கப்பட்ட வேர் வாடல் நோய் தென் கேரளம் முழுதும் பரவி, பின்னர் தமிழக எல்லை மாவட்டங்களுக்குள்ளும் வந்தது. பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வருவது. மரத்தை உடனே கொல்லாது, ஆனால் காய்ப்பைக் குறைத்து மெலிய வைக்கும். மருந்து கிடையாது. காயங்குளம் விஞ்ஞானிகள் கண்ட வழி, நோய் உச்சத்தில் இருக்கும் தோப்புகளிலேயே ஆரோக்கியமாக நின்ற மரங்களைத் தேடுவது. சுற்றிலும் எல்லாம் வாடிக் கிடக்க நடுவில் பச்சையாக நிற்கும் மரமே தாய் மரம். கல்பஸ்ரீ, கல்பரக்ஷா போன்ற ரகங்கள் இந்தத் தேடலின் பலன்.

வாடிங்டனின் ஈக்களில் வளர்ச்சியின் கரை உடைந்ததால் வேறுபாடு வெளியே வந்தது. தென்னையில் அதை வெளியே கொண்டுவந்தது நோய். இரண்டும் ஒரே சங்கதி அல்ல. ஆனால் தோப்புக்காரருக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றுதான். நோய் வரும்வரை அந்தத் தாய் மரங்களும் மற்ற மரங்களும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருந்தன. அதே கோணத்தில் ஓலை, காயில் அதே மூன்று கண். உள்ளே இருந்த வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை, மரத்தை வைத்திருந்தவருக்கும்தான்.

காய்ப்பு குறைந்த பழைய நெட்டை மரங்களை வெட்டிவிட்டு ரப்பரோ ஒரே ரகக் கன்றுகளோ வைப்பதில் தோப்புக்காரருக்குக் கணக்கு இருக்கிறது. தேங்காய் விலையையும் மரம் ஏறும் கூலியையும் அறிந்தவர்கள் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு வட்டாரத்தில் விதையில் முளைத்த மரங்கள் எல்லாம் போய்விட்டால், தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த மறைவான சரக்கும் கூடவே போகிறது. அதனால்தான் ஆராய்ச்சி நிலையங்கள் பழைய ரகங்களைத் தேடிச் சேர்த்துத் தோட்டங்களில் காப்பாற்றி வருகின்றன. ஆனாலும் அடுத்த நோய்க்கோ அடுத்த வறட்சிக்கோ தாக்குப்பிடிக்கும் மரம் எந்தச் சேகரிப்பிலும் இடம்பெறாமல் யாருடைய வீட்டு வளாகத்திலோ நின்றுகொண்டிருக்கலாம். அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மற்றத் தென்னைகளைப் போலவேதான் அதுவும் இருக்கும்.